கையெழுத்திட்ட பாடம்

சேசு மரி சூசை துணை

ஜார்ஜ் டவுன்
4 மார்ச் 1934

அன்புள்ள மைத்துனன் பீட்டருக்கு, அத்தான் ஹென்றி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா சவுந்தரமும் பிள்ளைகளும் சுகம். உன் சுகத்துக்கு எழுது.

உன் மூன்றாம் பாடத்தைத் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். சிவப்பு மை அதிகம் என்று முகம் சுளிக்காதே. வியாபார ஆங்கிலம் பள்ளிக்கூட ஆங்கிலம் இல்லை, அப்பனே. கடிதம் கிடைத்தது என்று வெள்ளைக்காரன் நேராகச் சொல்லமாட்டான். தங்கள் மேலான கடிதம் கைக்கு வந்தது என்பான். இந்த வாரத்துக்கு மூன்று சொல். ‘என்க்ளோஷர்’ என்றால் கடிதத்தோடு கூட வைத்தனுப்புவது. ‘கான்டென்ட்ஸ் நோட்டட்’ என்றால், படித்தேன், அதற்குமேல் என்னிடம் எதிர்பார்க்காதே என்று பொருள். ‘காப்பி டு’ என்பது அடியில் வரும். நகல் இன்னாருக்கும் போகிறது என்று. கடிதம் முழுக்கப் பணிவாகத்தான் இருக்கும். கடைசி வரியில் அந்தப் பேரைப் பார்த்ததும் படிக்கிறவன் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவான்.

அடுத்த பாடம் புகார்க் கடிதம். உங்கள் ரப்பர் தோட்டத்தை நடத்துவது எங்கள் ஏஜென்சி ஆபீஸ்தானே, எங்களுக்கே எழுதுவதுபோல் எழுது. பொய்யாக இட்டுக்கட்டினால் சொல் மனதில் ஒட்டாது, நடந்ததை எழுது. தேதியும் கையெழுத்தும் மறக்காதே. அவை இல்லாத கடிதம் தலையில்லாத மீன், பாசாரில் சீந்துவாரில்லை.

ஆகஸ்டில் எங்கள் ஆபீசில் ஒரு கிராணி வேலை காலியாகும். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாகவே நீ கிடக்கவேண்டாம். அதற்குள் நீ தேறிவிட்டால் பெரிய துரையிடம் நானே பேசுகிறேன். உன் அக்கா இப்போதே பின்னறைக்கு வெள்ளையடித்துவிட்டாள். அதன் சாவியையும் உனக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். இதுவும் ஒரு என்க்ளோஷர் என்று வைத்துக்கொள்.

உன் அன்புள்ள அத்தான்,
ஹென்றி

*

சேசு மரி சூசை துணை

தோட்டம், நிபோங் திபால்
18 மார்ச் 1934

மரியாதைக்குரிய அத்தானுக்கு, பீட்டர் வணக்கமாய் எழுதுவது.

சாவி கிடைத்தது. அக்காவுக்குப் பைத்தியம்தான்! ஆனாலும் அதைக் கழுத்துச் சங்கிலியில் சுரூபத்தோடு கோத்துப் போட்டிருக்கிறேன்.

பாடம் நான்கு இத்துடன். ஆட்கள் குடியிருக்கும் லயத்துக் கிணற்றைப் பற்றி எழுதினேன். மாட்டுக்கொட்டில் கழிவு அதில்தான் இறங்குகிறது. போன மாதம் மூன்று பிள்ளைகள் பேதியில் போய்விட்டன. வைத்தியம் பார்க்கவேண்டிய டிரெசர் மருந்துப் பெட்டியைப் பூட்டிக்கொண்டு டவுனில் இருந்தார். தோட்டத் துரையிடம் சொன்னால், “காய்ச்சிக் குடிக்கச் சொல்” என்கிறார். மகளைப் பறிகொடுத்த பால்வெட்டுக்காரர் சுப்பையாதான் எனக்கு ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் பேரைச் சாட்சியாகப் போட்டிருக்கிறேன். நீங்கள் சொன்னபடி தேதி, கையெழுத்து எல்லாம் உண்டு.

எழுதி முடித்ததும், இதை நிஜமாகவே அனுப்பினால் என்ன என்று தோன்றியது. ஆனால் சோறு போடுகிற இடம் அத்தான், பயமாக இருக்கிறது. உங்கள் கண்ணைத் தவிர வேறு கண் படவேண்டாம். திருத்தி எனக்கே அனுப்பிவிடுங்கள்.

தங்கள் மைத்துனன்,
பீட்டர்

*

சேசு மரி சூசை துணை

தோட்டம், நிபோங் திபால்
15 ஏப்ரல் 1934

அன்புள்ள அத்தானுக்கு,

பாடம் நான்கு இன்னும் திரும்பவில்லை. வழக்கமாக ஒரே வாரத்தில் வந்துவிடுமே. சிவப்பு மை தீர்ந்துபோகும் அளவுக்கா தப்பு? நீங்கள் சொல்லிக்கொடுத்த ‘ரிமைண்டர்’ இதுதான்.

ஈஸ்டர் முடிந்த வாரமே நீங்கள் தலைமைக் கிராணி ஆனதாக அக்கா எழுதியிருந்தாள். அத்தனை பேர் காத்திருக்க உங்களுக்குக் கிடைத்ததே! இங்கே எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். பலகாரம் எங்கே?

பீட்டர்

*

நிபோங் திபால் டவுன்
சலேஹா அக்கா கடை வீடு
29 ஏப்ரல் 1934

அத்தான்,

பாடம் நான்கு கைக்கு வந்தது. தபாலில் இல்லை. தோட்டத் துரை மேசைமேல் விரித்து வைத்து, “இது உன் கையெழுத்துதானே, கிராணி?” என்று கேட்டார்.

என் கைதான். ஓரத்தில் உங்கள் கையும் இருந்தது. இரண்டு இடத்தில் சிவப்பு மையில் திருத்தியிருந்தீர்கள். அடியில் வழக்கம்போல் ‘நன்று’ என்று போட்டிருந்தீர்கள். என்னைக் காட்டிக்கொடுக்கப் போகும்போதும் தப்பைத் திருத்தாமல் உங்கள் கை நிற்கவில்லையே!

அன்று மாலைக்குள் என்னை வெளியே போகச் சொன்னார்கள். டவுனில் கடை வைத்திருக்கும் சலேஹா அக்காதான் தங்க இடம் கொடுத்தார். அது போகட்டும். சுப்பையாவையும் அவர் மனைவியையும் லயத்திலிருந்து துரத்திவிட்டார்கள். சட்டி பானையோடு ரோட்டில் நின்றார்கள். சுப்பையா என்னைத் திட்டவில்லை. “எம்பேரையா எழுதுனீங்க, ஐயா?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு எந்தப் பாடத்தில் பதில் இருக்கிறது, அத்தான்?

நடந்ததை எழுது என்றவர் நீங்கள். கையெழுத்துப் போடு என்றவர் நீங்கள். அந்த நாற்காலிக்கு என் கடிதத்தையா படியாகப் போட்டு ஏறினீர்கள்? நான் உங்களை நம்பினேன். நெஞ்சு எரிகிறது.

பீட்டர்

*

சேசு மரி சூசை துணை

ஜார்ஜ் டவுன்
5 மே 1934

அன்புள்ள பீட்டருக்கு,

அவசரப்பட்டுப் பேசிவிட்டாய். தோட்டங்களில் யாரோ ஆட்களைக் கிளப்பிவிடுகிறார்கள் என்று பெரிய துரை எங்களை நெருக்கிக்கொண்டிருந்தார். உன் கடிதம் என் மேசையில் கிடக்கும்போது நான் என்ன செய்ய? பின்னால் தெரிந்தால் என் கழுத்துக்கும் கத்தி. எச்சரித்து விட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை. நான் மேலே போனால் உன்னையும் கைதூக்கி விடலாம் என்ற எண்ணமும் இருந்தது.

ஒன்று சொல்லட்டுமா? பெரிய துரை உன் ஆங்கிலத்தை மெச்சினார். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார்.

ஆகஸ்ட் வேலை இனி நடக்காது. வேறு இடம் பார்க்கிறேன். உன் அக்காவிடம் மட்டும் சொல்லிவிடாதே. தோட்டத்தில் ஆள்குறைப்பு என்று சொல்லி வைத்திருக்கிறேன். தெரிந்தால் அவள் என் முகத்தில் விழிக்கமாட்டாள். உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

உன் அத்தான்,
ஹென்றி

*

நிபோங் திபால் டவுன்
12 மே 1934

பெறுநர்: தலைமைக் கிராணி ஹென்றி அவர்கள், ஜார்ஜ் டவுன்

ஐயா,

தங்களுடைய 5ஆம் தேதியிட்ட மேலான கடிதம் கைக்கு வந்தது. கான்டென்ட்ஸ் நோட்டட்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்,
பீட்டர்

என்க்ளோஷர்: பின்னறைச் சாவி ஒன்று.

காப்பி டு: திருமதி சவுந்தரம் ஹென்றி. என்னுடைய ஏப்ரல் 29ஆம் தேதிக் கடிதத்தின் நகலும், தங்கள் மே 5ஆம் தேதிக் கடிதத்தின் நகலும் அவர்களுக்குத் தனித் தபாலில்.