சுக்குச் சாக்கு மெத்தை

மட்டாஞ்சேரி, 12 ஆகஸ்ட் 1983, வெள்ளி

ஆறு வீட்டில் குட்டி வேண்டும் என்று உறுதியாகச் சொன்ன பிறகே ஆண் வெள்ளெலியைப் பெண்ணோடு சேர்த்தேன். முந்தாநாள் ஏழு பிறந்துவிட்டன. போக வீடில்லாத அந்த ஏழாவதுதான் உறுத்துகிறது.

இன்று சுக்குக் கிடங்கிலிருந்து திரும்பியபோது, ஒரு குட்டி கூண்டுக்கு வெளியே தரையில் கிடந்தது. யோசிக்காமல் கையால் எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

என் மனைவி லலிதா பதறினாள். "சுக்கு மணக்கற கையால தொட்டேளா? வேற வாசனை பட்டா அம்மையே தின்னுடும்னு நீங்கதானே சொன்னேள்!"

தாய் வந்து முகர்ந்தது. அது குட்டியை மெல்லக் கவ்வித் தூக்கிப்போய், மற்ற ஆறோடு மெத்தையில் கிடத்தியது. நான் போட்ட சுக்குச் சாக்கை நார்நாராகக் கடித்து அது கட்டிய மெத்தை.

லலிதா என் கையை இழுத்து முகர்ந்து பார்த்தாள்.

"அந்த ஏழாவது இங்கயே இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.