வானம் இருட்டா நின்ன நேரம்

12 மார்ச் 1998, வியாழன்

கீழ்பென்னாத்தூர் பக்கத்துத் திருவிழாவுல இன்னிக்கு வாணவேடிக்கை. எந்த வெடி எப்போ மேலே போகணும்னு முதல் தடவையா நானே பாத்துக்கிட்டேன். ஆரம்பம் சரியாத்தான் போச்சு. நடுவுல ஒரு குழாய்க்குள்ள வெச்ச வெடி மேலே கிளம்பலை. திரி பத்தவெச்ச என் மச்சான் சேகர், "அணைஞ்சுடுச்சு மாமா, போய்ப் பாக்கறேன்"னு கிளம்பினான். சட்டையைப் பிடிச்சு இழுத்தேன். வேற எதையும் பத்தவைக்க விடலை. வானம் இருட்டா நின்னுச்சு. ஜனங்க விசில் அடிச்சாங்க.

"விடுங்க மாமா, மானம் போவுது."

விடலை. திடீர்னு அந்தக் குழாய் பக்கவாட்டுல பிளந்து வெடிச்சுது. அவன் போயிருந்தா நின்னிருக்க வேண்டிய இடத்துல மண்ணு பறந்துச்சு.

மிச்ச வெடியெல்லாம் விட்டு முடிச்சதும் விழாத் தலைவர் வந்தார். "நடுவுல கேப் ஜாஸ்தியாயிடுச்சு. அடுத்த வருஷம் அனுபவம் உள்ள ஆளா பாத்துக்கறோம்."

"சரிங்க"ன்னேன். விளக்கிச் சொல்லத் தெம்பில்லை.

திருவண்ணாமலையில பஸ்ஸை விட்டு இறங்கறப்ப என் பையையும் சேகரே தூக்கிக்கிட்டான். வீட்டுல கமலா, "எப்படி நடந்துச்சு?"ன்னு கேட்டா.

"நல்லா நடந்துச்சுக்கா"ன்னான், நான் வாயைத் திறக்கறதுக்குள்ள.

தம்பிக்கு இன்னொரு கரண்டி சோறு வெச்சா. அவன் சாப்பிடறதையே பாத்துக்கிட்டிருந்தேன்.