புட்டுக்குழலில் வடித்த எண்ணெய்

திருகோணமலை
2.12.1979

அன்பு மகள் சுகிர்தாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், கூரையும் இந்த மாரிக்கு இன்னும் ஒழுகத் தொடங்கவில்லை, நீயும் அந்தக் குளிரில் காலுக்கு மேசு போட்டு, நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையோடு இதைத் தொடங்குகிறேன்.

நீ கொடுத்துவிட்ட பொதி வந்து சேர்ந்தது. மூன்று சின்னப் போத்தல்களும் உடையவில்லை, மூடி திறக்க முதலே பொதியெல்லாம் மணம். உன் கடிதத்தின் முக்கால்வாசி இந்த வாசனை எண்ணெய்களை வீட்டில் எப்படிப் பாவிப்பது என்பது பற்றியும், கடைசி நாலு வரி நீ கட்ட நினைக்கிற மருதமுத்து பற்றியும் இருந்தது. எது முக்கியம் என்று எனக்கு விளங்காமல் இல்லை. உன்னோடு ஆஸ்பத்திரி மருந்துப் பகுதியில் வேலை செய்கிறார், அப்புத்தளைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, தையில் வந்து எங்களைப் பார்க்க விரும்புகிறார், ஓம் என்று நாங்கள் சொன்னால்தான் பிளேன் ரிக்கற் எடுப்பார், யூக்கலிப்டஸ் போத்தல் அவருடைய ஊரில் காய்ச்சினது, அவரே தந்தது. அப்புத்தளை எண்ணெய் லண்டன் போய்த் திருகோணமலைக்கு வந்திருக்கிறது, பஸ்ஸில் ஏற்றிவிட்டிருந்தால் ஒரு பகலில் வந்திருக்கும். அப்பா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு அந்தப் போத்தலை மட்டும் எடுத்து அலுமாரியில் தன் சேட்டுகளுக்குப் பின்னால் வைத்துப் பூட்டினார். மற்ற ரெண்டையும் வைச்சு என்னவும் செய் என்றார். அவர் கோபிக்கவில்லை, கோபித்திருந்தால் எனக்குச் சுகம். வேலைக்கென்று கந்தோருக்குப் போவதும் வருவதும் கடற்பக்கம் பார்த்துக்கொண்டு இருப்பதும்தான். ஒருநாள் மட்டும், அக்கா என்ன சொல்லுவா என்று கேட்டார். தாய் இல்லாத வீட்டில் அவரை வளர்த்தது கனகம்மா மாமி என்பதால் மாமியின் சொல்லுக்கு இந்த வீட்டில் என்ன எடை என்று உனக்குத் தெரியும்.

எண்ணெய்க்கு வருகிறேன். பொதியோடு இருந்த துண்டுத்தாளில் லவெண்டர் மனக்கவலையைப் போக்கும் என்று போட்டிருக்கிறது. கவலைக்குக் காரணம் என்ன என்று கேளாமலே போக்குகிற மருந்தை நான் நம்புவதில்லை. ஆனால் பாடப்புத்தகத்தில் ஆவிப்பறப்புள்ள எண்ணெய் என்று இத்தனை வருஷம் படிப்பித்துவிட்டு ஒரு துளியையாவது சோதித்துப் பாராமல் விட ஏலாது அல்லவா. பள்ளிக்கூடத்து வடிதாளில் லவெண்டர் ஒரு துளி, பக்கத்தில் தேங்காயெண்ணெய் ஒரு துளி விட்டேன். பின்னேரம் பார்க்க லவெண்டர் இருந்த இடம் வெறும் தாள், தேங்காயெண்ணெய் மட்டும் கறையாக அப்படியே இருந்தது. ஆக உன் எண்ணெய் கலப்படமில்லாத சரக்குப்போல்தான் தெரிகிறது. பெப்பர்மின்டை அப்படியே முழங்கையில் தடவிப் பார்த்தேன், சிவந்து எரிந்தது, எனவே நீ எழுதியதுபோல் வேறு எண்ணெயில் கலக்காமல் தோலில் படவிடாதே, கண்ணுக்குக் கிட்டவும் கொண்டுபோகாதே, உன் அறைச் சூடாக்கிக்குப் பக்கத்தில் போத்தலை வைக்காதே, இவை தீப்பிடிக்கிறவை. தலையணையில் லவெண்டர் விட்ட இரவு நன்றாக நித்திரை கொண்டேன். அது எண்ணெயாலா, அன்று மழையில் காற்றுக் குளிர்ந்ததாலா என்று சொல்ல ஏலாது, மழையில்லாத ஒரு இரவு வந்தால்தான் ஒப்பிடலாம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த வீட்டு மைமூனாவின் கிணற்றடியில் எலுமிச்சம்புல் பற்றையாக நிற்கிறது, நாமே வடித்தால் என்ன என்று தோன்றிவிட்டது. யோசித்துப் பார், புட்டு அவிப்பதும் கொதிநீராவிக் காய்ச்சிவடிப்பும் பாதிவழி வரைக்கும் ஒன்றுதான். பானையில் தண்ணீர் கொதிக்கிறது, ஆவி குழலுக்குள்ளால் மேலே வருகிறது. மாவுக்குப் பதில் நறுக்கின புல்லை மூங்கில் குழலில் அடைத்து, மேல்வாயில் தக்கை இறுக்கி, ஆவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்குகிற ஆய்வுகூடத்து ஒடுக்கியையும் இறப்பர்க் குழாயையும் பொருத்தினேன். காலையிலிருந்து மத்தியானம் வரை அடுப்பெரித்து, தண்ணீருக்கு மேல் மஞ்சளாக மிதந்த எண்ணெய் ஒரு தேக்கரண்டி வராது. மைமூனா குசினி வாசலில் நின்று, ரீச்சர், இவ்வளவு விறகையும் எரிச்சு இதோ மிச்சம், எங்கட மனிசன் அத்தர் விக்கிறதை விட்டிட்டு உங்களோட கூட்டுச் சேந்தா நாங்க பட்டினிதான் என்று வயிற்றைப் பிடித்துச் சிரித்தாள். ஆனால் அதில் கொஞ்சம் தேங்காயெண்ணெயில் கலந்து காலில் பூசினால் இரவில் கடிக்கிற நுளம்பு கிட்ட வருவது குறைவு என்று கண்டதும் அவள்தான் முதலில் கிண்ணத்தோடு வந்தாள்.

பிழை இனித்தான். குழலைச் சுடுதண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவினேன், மழையில் வெயில் காட்ட முடியவில்லை, மணந்து பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. நாள் முழுக்க அந்த மணத்துக்குள்ளே நின்ற மூக்குக்கு எப்படித் தெரியும் என்று ஒரு விஞ்ஞானப் பட்டதாரிக்குத் தோன்றவில்லை. அடுத்த நாள் சாம்பல்தீவிலிருந்து கனகம்மா மாமி சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினா. கடும் தடிமன், மூக்குச் சிவந்து, குரல் கம்மி, ஆனாலும் கதிரையில் இருந்ததும் முதல் கதை, தம்பி, அந்த லண்டன் கதையை இண்டைக்கே முடிச்சுப்போட்டுத்தான் போவன் என்பதுதான். அப்பா என்னைப் பார்த்தார், நான் குசினிக்குள் போய்ப் புட்டுக்கு மா குழைத்தேன்.

சாப்பிட இருந்தோம். அப்பா முதல் வாய் வைத்துவிட்டு மெல்லுவதை நிறுத்தினார். நானும் வைத்தேன். மீன்குழம்பையும் மீறி, குளிக்கிற சவர்க்காரத்தைக் கடித்ததுபோல எலுமிச்சம்புல். வந்த காரியத்துக்கு மாமிக்கு நானே ஒரு காரணம் அவித்துக் கொடுத்துவிட்டேனே என்று அவவின் சாப்பாட்டுக் கோப்பையை எடுக்கப் போனேன். மாமியோ, புஸ்பம், இவ்வளவு காலத்தில இண்டைக்குத்தான் உனக்குப் புட்டுப் பூப்போல வந்திருக்கு, இன்னும் ஒரு துண்டு போடு என்றா. அவவின் மூக்கு அவ்வளவுக்கு அடைத்திருந்தது. அப்பா தலையைக் குனிந்து தன் புட்டுக் கோப்பையையே பார்த்தார், தோள் மட்டும் குலுங்கியது. உன் கடிதம் வந்த பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

கை கழுவினதும் மாமி தொடங்கினா, தம்பி, அவங்கட வழி என்ன வாய்க்கால் என்ன, தோட்டத்து, என்றதும் தும்மல். திரும்பவும், எங்கட ஆக்கள் என்ன, என்றதும் தும்மல். பிறகு மூச்சே எடுக்க முடியாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தா. ஆவி பிடிக்க நொச்சி பறிப்பம் என்றால் வெளியே கொட்டுகிற மழை. ஆவி பிடிக்கிற எண்ணெய் ஒண்டு அலுமாரிக்குள்ள கிடக்கு என்று மட்டும் நான் சொன்னேன். அப்பா மாமியின் முதுகைத் தடவிவிட்டார். பிறகு போய் அலுமாரித் திறப்பை எடுத்தார். சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் இரண்டு துளி போதும் என்று நான் சொல்லச் சொல்ல அவசரத்தில் பாதிப் போத்தலைக் கவிழ்த்துவிட்டார், போர்வைக்குள்ளிருந்து மாமி, ஐயோ தம்பி, வளத்த என்னைக் கொல்லப் பாக்கிறியோ என்று கத்தினா. தண்ணீரை மாற்றிக் கண்ணை மூடச்சொல்லி அளவாக விட்ட பிறகு சத்தம் அடங்கியது. போர்வையை விலக்கி வெளியே வந்தபோது கண்ணும் கன்னமும் சிவந்து, வாயை மூடிக்கொண்டு மூக்காலே ஒரு நீண்ட மூச்சு எடுத்தா. உடனே, என்ன இது, வீடெல்லாம் சவர்க்காரம் மணக்குது என்றா. மணத்தைப் பிடித்துக்கொண்டே குசினிக்குப் போய் மிச்சப் புட்டை எடுத்து மூக்கில் வைத்துவிட்டு, அட பாவிகளே, இதையோ எனக்குத் தீத்தினீங்கள் என்றா. அப்பா அதற்குமேல் அடக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், மாமியும் சிரித்தா, சத்தம் கேட்டு மைமூனா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து விஷயம் தெரியாமலே தானும் சிரித்தாள்.

சிரித்து ஓய்ந்து, நல்ல எண்ணெய், ஆர் தந்தது என்று மாமி கேட்டா. அப்பாதான் சொன்னார், சுகிர்தா எழுதின அந்தப் பெடியன் அனுப்பினது, அக்கா என்று. மாமி போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. பிறகு, வேண்டாம் எண்டு சொல்லப் போற வீட்டுக்கு மருந்து அனுப்பியிருக்கிறான், முகத்தைப் பாக்காம மறுப்பு எழுத இது என்ன கந்தோர்க் கடிதமே, வரச் சொல்லு, பாப்பம் என்றா. அப்பா ஓம் அக்கா என்றார், அவ்வளவுதான். ஆனால் அடுத்த நாள் காலை கந்தோருக்கு வெளிக்கிடும்போது யாரும் சொல்லாமலே அந்த எண்ணெயில் ஒரு துளியைத் தன் மூக்குத் துடைக்கிற லேஞ்சியில் விட்டு மடித்துப் பைக்குள் வைத்ததைக் கண்டேன். போத்தல் இப்போது மேசையில்தான் நிற்கிறது.

ஆகவே ரிக்கற் எடுக்கச் சொல். பொங்கலோடு வந்தால் நல்லது. பார்த்து முடியும்வரை நான் ஒன்றும் தீர்மானிக்கமாட்டேன், அது என் பழக்கம், ஆனால் உன் சந்தோஷத்தை நினைக்க எனக்கு இந்தக் கிழமை முழுக்கக் காரணமில்லாமல் பாட்டு வருகிறது. உனக்கும் அந்தப் பிள்ளைக்கும் எங்கள் மூவரின் ஆசீர்வாதம், கோணேசர் துணையிருப்பார். நுரையீரலுக்குக் குளிர் பிடிக்காமல் கழுத்தைச் சுற்றிக் கம்பளி போட்டுக்கொள்.

ஒன்று மறக்காதே. புதுக் குழல் வாங்கிவிட்டேன், மருதமுத்துவுக்கு அதில்தான் அவிப்பேன் என்றேன். அப்பா, வேண்டாம், பழசிலேயே அவி, திண்டிட்டு உண்மை சொல்லுற ஆளோ எண்டு பாப்பம் என்கிறார். மாமியும் அதற்கு ஓம். இதை அவருக்குச் சொல்லிவிடாதே மகள், சொன்னால் பரிசோதனை பழுதாகிவிடும்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா
புஸ்பராணி