அக்கரைத் தாளம்

தூத்துக்குடி,
கொல்லம் ஆண்டு 1087, ஆவணி 26

என் அன்பின் பிரம்மநாயகிக்கு,

நான் சுகம். உப்புக் காற்றில் பிடில் தந்திதான் சுகமில்லை, நாளுக்கொன்று அறுகிறது. நீயும் பிள்ளை ஞானமும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது.

நீ சிரித்த அந்தக் கூத்து எங்கள் நாடகக் கம்பெனியில் பேர் வாங்கிவிட்டது. எமன் மேடைக்கு வரும்போது நான் பிடிலைக் கீழே வைத்துவிட்டு, வெண்கலத் தாளத்தின் ஒரு தட்டை வாரில் பிடித்துக்கொண்டு, அதன் விளிம்பில் பிடில் வில்லை இழுக்கிறேன். வில்லுக்குக் குங்கிலியம் நிறையத் தேய்க்க வேண்டும். முதலில் ஒன்றும் வராது. பிறகு பல் கூசும். அதற்கப்புறம்தான் சத்தம், எங்கிருந்து வருகிறதென்று யாருக்கும் தெரியாது. கொட்டகையில் ஒருவரும் இருமுவதில்லை. ஆர்மோனியக்காரன் தானியேல் சொல்கிறான்: "இது தாளம் இல்ல வே, சாவைக் கூப்பிடுத சத்தம்."

அவனுக்கு என்ன தெரியும். மேளம் அடித்தாலும் வெடி போட்டாலும் திரும்பாத நம் ஐந்து வயசுப் பிள்ளை, சித்திரையில் நான் விளையாட்டாக இழுத்த அந்தச் சத்தத்துக்குத் திரும்பினாளே. ஓடி வந்து தட்டில் கன்னத்தை வைத்தாளே. அன்று நான் அழுததை யாரிடமும் சொல்லாதே. மற்றத் தட்டையும் பழைய வில்லையும் அதற்காகத்தான் உன்னிடம் விட்டு வந்தேன். கூப்பிட்டால் வருகிறாளா?

உன்,
வைத்தியலிங்கம்

கல்லிடைக்குறிச்சி,
புரட்டாசி 8

அத்தான் அவர்களுக்குப் பிரம்மநாயகி வணங்கி எழுதுவது.

இருக்கிறோம். சுகம் என்று எழுதினால் நீங்கள் அங்கேயே இருந்துவிடுவீர்கள், அதனால் எழுதவில்லை.

வருகிறாள். கொல்லையில் நின்றாலும் தெருக்கோடியில் நின்றாலும் வருகிறாள். முதல் தடவை வந்தபோது வில்லைப் போட்டுவிட்டு அவளை வாரி எடுத்துக்கொண்டேன். ஐந்து வருஷமாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டும் வராத பிள்ளை. வந்தால் ஒரு துண்டு கருப்பட்டி கொடுத்தேன். இப்போது கருப்பட்டி இல்லாவிட்டாலும் வருகிறாள். அடுத்த வீட்டுப் பாலம்மாள் அத்தை காதைப் பொத்திக்கொண்டு, "வெளக்கு வைக்குத நேரத்துல இதை இழுக்காத தாயி, வீட்டுக்கு ஆகாது" என்கிறாள். ஆகாததை இழுத்தால்தான் என் பிள்ளை வருகிறது, நான் என்ன செய்ய.

ஒன்றுதான் என்னை உறுத்துகிறது. சத்தம் வந்துவிட்டால் அவள் வழி பார்ப்பதில்லை. செவ்வாய்க்கிழமை வண்டி மாட்டின் காலுக்கு ஊடே புகுந்து வந்தாள். வண்டிக்காரன் என்னைத் திட்டிய திட்டு உங்களுக்கு விழ வேண்டியது. இனி அவள் முற்றத்தில் நிற்கும்போது மட்டும்தான் இழுப்பேன். கொல்லைக் கதவின் தாழ்ப்பாளைத் திறக்கவும் கற்றுக்கொண்டுவிட்டாள். கொல்லையைத் தாண்டினால் படித்துறை. வந்து ஒரு பூட்டு வாங்கிப் போட்டுவிட்டுப் போங்கள்.

உங்கள்,
பிரம்மநாயகி

அம்பாசமுத்திரம்,
ஐப்பசி 12, ஞாயிறு

அன்பின் பிரம்மநாயகிக்கு,

பார்த்தாயா, பூட்டுப் போட எதிர்க்கரைக்கே வந்துவிட்டேன். கம்பெனி இங்கே கொட்டகை போடுகிறது. ஆற்றில் வெள்ளம், ஓடம் விடவில்லை. பாலம் சுற்றி வரலாமென்றால் முதலாளி ஒரு பொழுதுகூட விடமாட்டேன் என்கிறார். சனிக்கிழமை முதல் நாடகம். முடித்துவிட்டு ஞாயிறு காலையில் வருகிறேன்.

தங்கியிருக்கும் வீட்டில் தட்டை இழுத்தால் எல்லோரும் சண்டைக்கு வருகிறார்கள். அதனால் மத்தியானம் ஆற்றங்கரையில் பழகப்போகிறேன். எனக்கு ஒரு ஆசை. வெள்ளிக்கிழமை உச்சிவேளைக்கு ஞானத்தை நம் படித்துறைக்குக் கூட்டி வா. கையைப் பிடித்துக்கொண்டு நில். நான் இங்கிருந்து இழுக்கிறேன். நடுவில் ஆறு கிடந்தாலும் அப்பன் கூப்பிட்டால் திரும்புகிறாளா என்று பார்க்க வேண்டும். உன் தட்டையும் எடுத்து வந்து ஒரு இழுப்பு இழு. நீ வந்திருக்கிறாய் என்று தெரிந்துகொள்வேன்.

உன்,
வைத்தியலிங்கம்

கல்லிடைக்குறிச்சி,
ஐப்பசி 15, புதன்

அத்தான்,

வணக்கம் எழுதப் பொழுதில்லை. வெள்ளிக்கிழமை இழுக்காதீர்கள். நான் பிள்ளையைப் படித்துறைக்குக் கூட்டி வரமாட்டேன்.

இன்று மத்தியானம் நீங்கள் பழகியிருக்கிறீர்கள். எனக்குக் காற்றுதான் கேட்டது. அவளுக்குக் கேட்டிருக்கிறது. சோற்றுக் கையோடு எழுந்து போனாள். நான் அடுக்களைக்குள் போய் வருவதற்குள் தாழ்ப்பாள் திறந்து கிடந்தது. பதினெட்டுப் படியில் நாலு படிதான் தண்ணீருக்கு மேலே தெரிகிறது, மூன்றாவது படியில் நின்றாள். தலைமயிரைப் பிடித்து இழுத்தேன். அழவில்லை. அக்கரையைக் கை காட்டிச் சிரித்தாள். ஓடக்காரர் பிச்சைக்கண்ணு பார்த்துவிட்டு, "இந்தத் தண்ணி யானையையே உருட்டிக்கிட்டுப் போவுது தாயி, பிள்ளையக் கட்டிப் போடு" என்றார்.

கதவைக் கயிற்றால் கட்டியிருக்கிறேன். கயிறு எத்தனை நாளைக்கு. நான் இழுத்தால் என்னிடம் வருவாள், நீங்கள் இழுத்தால் உங்களிடம் வருவாள், நாம் சொல்லிக் கொடுத்தது அதுதானே. எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் எமனுக்கு வேறு வாத்தியம் பாருங்கள்.

தபாலும் பாலம் சுற்றித்தான் போகுமாம். நாளைக்குள் உங்கள் கையில் சேர வேண்டும் என்று பாபநாசநாதரை வேண்டிக்கொண்டு அனுப்புகிறேன்.

பிரம்மநாயகி

அம்பாசமுத்திரம்,
ஐப்பசி 17, வெள்ளி பிற்பகல்

என் அன்பின் பிரம்மநாயகிக்கு,

சொன்னபடி கூட்டி வந்துவிட்டாய். சந்தோஷத்தில் அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உச்சிவேளைக்குத் தானியேலும் என்னோடு ஆற்றங்கரைக்கு வந்தான். நாலைந்து இழுப்புத்தான் ஆகியிருக்கும், நம் படித்துறையில் ஒரு சிவப்புப் பாவாடை தெரிந்தது. தூறலில் முகம் தெரியவில்லை. எனக்குப் பாவாடை போதாதா. உன்னைத் தேடினேன், மரத்தடியில் நிற்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். சற்றைக்கெல்லாம் உன் தட்டு கேட்டது. ஒரு இழுப்பு இழு என்றுதான் எழுதினேன், நீ விடாமல் இழுத்தாய். இவ்வளவு பலமாக இழுக்க எப்போது கற்றுக்கொண்டாய்?

அவள் நின்றாள். உன் பக்கம் திரும்பினாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. விடுவேனா, நானும் தோள் நோக அழுத்தி இழுத்தேன். மறுபடி என் பக்கம் திரும்பிவிட்டாள். "பாத்தீரா வே, அப்பன் பக்கந்தான் வாரா" என்று தானியேலிடம் பெருமை அடித்தேன். அவன் எழுந்து நின்று, "வில்லை நிறுத்தும் வே" என்றான். அவனுக்கு எப்போதும் இந்தச் சத்தம் ஆகாது. நான் நிறுத்தவில்லை.

அப்போது வெள்ளத்தில் ஒரு பெரிய மரம் மிதந்து வந்து மறைத்தது. அது போன பிறகு படித்துறையில் பாவாடையைக் காணோம். மழை வலுக்கிறதென்று நீ தூக்கிக்கொண்டு போயிருப்பாய். உன் தட்டும் நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் அங்கே ஆள்கூட்டம் சேர்ந்தது. நம் சத்தத்தைக் கேட்க ஊரே வந்திருக்கிறது என்று, அவர்களுக்காகவும் நாலு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் எழுந்தேன். தானியேல் எனக்காக நிற்காமல் பாலத்துப் பக்கம் ஓடினான். என்ன கோபமோ.

பூட்டு வாங்கிவிட்டேன். பித்தளைப் பூட்டு, இரண்டு சாவி. ஞாயிறு காலையில் நானே வந்து கொல்லைக் கதவில் போடுகிறேன்.

தபால்காரர் இப்போதுதான் உன் கடிதம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகிறார். இதை மடித்து ஒட்டிவிட்டு அதைப் படிக்கிறேன்.

உன்,
வைத்தியலிங்கம்