மடி கொடுத்த இன்னாசி

மஸ்கட்

அன்புள்ள அம்மாவுக்கு,

மகன் சுருளிவேல் வணங்கி எழுதுவது. உங்கள் மூட்டுவலி குறைந்ததா? என் கணுக்கால் கட்டைப் பிரித்துவிட்டார்கள். ஏணியில் லேசாகச் சறுக்கியதுதான், இப்போது நன்றாக நடக்கிறேன்.

அந்தச் சறுக்கலால் தங்கை விஜி மகளின் காதுகுத்துக்கு வர முடியவில்லை. தாய்மாமன் மடி இல்லாமல் குலசாமி கோயிலில் எப்படி நடக்கும் என்று இங்கே தவித்தேன். நல்லபடியாக முடிந்தது என்று மட்டும் போனில் சொன்னீர்கள். நடந்ததை விஜிதான் சொன்னாள்.

பக்கத்துத் தோட்டத்து இன்னாசியை நீங்கள் என் இடத்தில் உட்காரச் சொன்னதும் பெரியப்பா, “சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பயல எப்படி உக்கார வைக்கிறது?” என்று எழுந்துவிட்டாராம்.

“எம் வீட்டுக்காரவுக படுக்கையில கெடந்தப்ப தூக்கிச் சுமந்தவன் இவன். இவனும் எம் மவன்தான். சாமி கோவிச்சா என்னையக் கோவிக்கட்டும்” என்றீர்களாம்.

அதைக் கேட்டதும் பெரியப்பாவே பிள்ளையைத் தூக்கி இன்னாசி மடியில் வைத்தாராம். காது குத்தும்போது பிள்ளையைவிட அவன்தான் அதிகம் அழுதானாம். என் இடத்தை வெறுமையாக விடாத உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்? போனில் சொல்ல வந்தால் பேச்சை மாற்றிவிடுகிறேன். அதனால்தான் ஊருக்கு வரும் என் அறைத்தோழன் பாண்டீஸ்வரனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

எனக்கென்று விஜி எடுத்த வேட்டியை இன்னாசிக்கே கொடுங்கள். பாண்டீஸ்வரன் திரும்பும்போது கோயில் திருநீறும் பிள்ளையின் போட்டோவும் அனுப்புங்கள். பேச்சு முடிந்தாலும் போனை உடனே வைத்துவிடாதீர்கள். வீட்டுச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டால் போதும்.

பாண்டீஸ்வரனை விமான நிலையத்துக்கு ஏற்றிப்போக வண்டி வந்துவிட்டது. இன்னாசியை மாமா என்று கூப்பிடப் பிள்ளையைப் பழக்குங்கள். எனக்கொன்றும் பொறாமை இல்லை, கொஞ்சம்தான்.

உங்கள் மகன்,
சுருளிவேல்