கடைசி ஆளாய் நடந்த அக்காவுக்கு

என் அன்பு ரதி அக்கா,

செத்துப்போன அக்காமீது பொறாமைப்படலாமா? எனக்கு இன்னும் தீரவில்லை.

நீ போன பிறகு அம்மாவைப் பிடித்து நடக்கப் பழக்குவது என் வேலை. பாரிசவாதம் வந்த இடது கால் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் நான் கை நீட்டினால் அவ எழும்ப மாட்டா.

"ரதி வரட்டும்."

"அம்மா, அக்கா இல்லையே."

"தெரியும். நீ கையை விடு."

உன் செத்தவீட்டிலும் எனக்கு இதே எரிச்சல்தான். நீ நர்ஸாக இருந்த வார்டில் படுத்திருந்த நோயாளிகள் கொட்டாஞ்சேனையிலிருந்தும் கிருலப்பனையிலிருந்தும் வந்து "எங்கட மிஸ்ஸி" என்று அழுதார்கள். எங்கடயாம்! எனக்கு மிச்சம் வைத்தார்களா?

கதிர்காமப் பாதயாத்திரைக்கு லீவு போட்டுவிட்டுப் போவாய். அங்கேயும் கால் கொப்பளித்தவர்களோடு கடைசியாகத்தான் வருவாய். முன்னுக்குப் போனால் என்ன என்று ஒருமுறை கேட்டேன்.

"கடைசி ஆள் நிண்டால் நானும் நிப்பன். வார்டிலயும் அதுதானடி வேலை" என்று சிரித்தாய்.

நான் வேகமாக நடப்பவள். அதனால்தானா என் பக்கத்தில் நீ வரவேயில்லை?

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்து முன்னால் நின்று இழுத்தேன்.

"என்னடி, லொறியே கட்டி இழுக்கிறாய்? பின்னால வா. விழுந்தால் பிடி. இல்லாட்டிச் சும்மா நில்."

பின்னால் போனேன். இடுப்பில் ஒரு கையை மட்டும் வைத்தேன். அவ ஓரடி வைத்து நின்றா. நானும் நின்றேன். குசினியில் சோறு அடிப்பிடிக்கும் மணம் வந்தது. ஓடிப்போய் அடுப்பை நிறுத்தக் கால் துடித்தது. போகவில்லை. அவ மூச்சு வாங்கி முடிக்கும்வரை சும்மா நிற்பது இவ்வளவு கஷ்டமென்று நீ ஏன் சொல்லவில்லை?

பல்கனிவரை வந்துவிட்டோம், அக்கா! கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி அம்மா சொன்னா:

"ரதியெண்டால் சோத்தை எரிய விட்டிருக்க மாட்டாள்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, உன்மேல் கோபமும் வந்தது.

ஒரு வாக்குத் தருகிறேன். அம்மா நிற்கும் இடத்தில் நானும் நிற்பேன். எவ்வளவு காலம் எடுத்தாலும் வெள்ளவத்தைக் கடற்கரை மணலில் அவவைக் கால் வைக்கப் பண்ணுவேன். அன்றைக்கு அவ உன் பெயரை ஒருதரமும் சொல்லாவிட்டால், நீ கொஞ்சம் பொறாமைப்படு.

இன்னும் எரிச்சல் ஆறாத
உன் தங்கச்சி,
சுமதி