ஜிம்மியின் காதில் எட்டுக் கால்

12-8-1996, திங்கள்

எங்கள் நாய் ஜிம்மியைக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். காது ஓரத்திலும் முன்கால் முட்டியிலும் முடி கொட்டித் தோல் தடித்துவிட்டது. நான்கு நாளாக விசைத்தறியில் வடிந்த பழைய ஆயிலைத்தான் பூசினேன். கருமத்தம்பட்டியில் நாய்ச் சொறிக்கு எல்லோரும் செய்வது அதுதான்.

டாக்டரம்மா முகம் சுளித்தார். "நக்குனா வயித்துக்குள்ள போயிருமுங்க. சோப்புப் போட்டுக் கழுவி உடுங்க."

பிறகு காது ஓரத்தைச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். உருண்டையாக ஒரு பூச்சி, எட்டுக் குட்டைக் கால்கள். அது நகர்ந்தது! தோலுக்குள் வளை தோண்டி முட்டை போடுமாம். எனக்குக் கண்ணை எடுக்கவே மனமில்லை.

ஊசி போட்டார். இரண்டு வாரம் கழித்து இன்னொன்று. படுக்கிற சாக்கை வெந்நீரில் அலசி வெயிலில் போடச் சொன்னார். "இது மனுசருக்கும் தொத்துமுங்க. ஊட்டுல ஆருக்காச்சும் அரிப்பு இருக்குதுங்களா?"

"இல்லீங்க" என்றேன்.

என் மனைவி சரோஜா ஒரு மாதமாகக் கையைச் சொறிகிறாள். தறி ஓட்டுகிறவர்களுக்கு எந்த அரிப்பும் பஞ்சுத் தூசிதான். நானும் அப்படியே சொல்லித் தேங்காயெண்ணெய் தடவச் சொன்னேன். ஜிம்மி படுப்பது அவள் காலடியில், நூல் கழிவுச் சாக்கில்.

ஏன் இல்லை என்றேன்? தெரியவில்லை.

"டாக்டரு என்னங்க சொன்னாங்க?" என்று சாப்பிடும்போது கேட்டாள். பூச்சிக்கு எட்டுக் கால் என்று மட்டும் சொன்னேன். சிரித்தாள், சொறிந்துகொண்டே.

விடிந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். இப்போது எழுதுகிற கையும் அரிக்கிறது.